அடப்பங்கொடிக்கு ஒரு ரெட் டேக்

எங்கள் கம்பெனி வாசலில் இருந்த புல்தரையைப் பார்த்து ஒருமுறை உமிழாமல் அக்கா உள்ளே வந்ததே கிடையாது. உமிழ்ந்த இடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவதும் அவர்தான். ஏனென்றால் வாசலைச் சுத்தமாக வைத்திருப்பது அவருடைய வேலை. "தின்னவும் ஆவாது, படுக்கவும் ஆவாது. காலு வெக்கக் கூடாதுன்னு போர்டு வேற. தண்ணியக் குடிச்சிக்கினு சொம்மா கெடக்குது பாரு, ஆபீசரு மாதிரி" என்பார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதினேன். அதுவே போதும்.

ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. நான் வடக்குப்பட்டுக்காரி. தொழிற்பேட்டைக்காக எங்கள் நிலம் போன இடத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. அதை ஒரு சாதனை என்று என் அப்பா பஸ் ஸ்டாப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். லைனில் மூன்று வருடம் வயர் மடக்கினேன். என் கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக என்னை ஃபைவ் எஸ் கோ-ஆர்டினேட்டர் ஆக்கினார்கள். அதாவது, தொழிற்சாலையை ஒழுங்காக வைத்திருப்பதற்கு ஜப்பானிலிருந்து வந்த ஐந்து விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுகிற வேலை. முதல் விதி, வேண்டாததை அகற்று. எந்தப் பொருளாவது எதற்கென்று தெரியாமல் கிடந்தால் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்ட வேண்டும். அதற்கு ரெட் டேக் என்று பெயர். பொருள் என்ன, எங்கே இருந்தது, ஏன் வேண்டாம் என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் யாராவது வந்து அதன் உபயோகத்தைச் சொல்லாவிட்டால் பொருள் ஸ்க்ராப் யார்டுக்குப் போய்விடும். உடைந்த நாற்காலி, பழைய ஃபேன், ஒருமுறை ஒரு முழு மாமரக்கன்று. எல்லாவற்றுக்கும் முத்து முத்தாக எழுதினேன்.

அக்கா என் எழுத்தைப் பார்த்து, "எறும்பு வரிசையா போற மாதிரி கீது. மொளகாத்தூள் போட்டாத்தான் போவும்" என்றார்.

அவர் எதையும் மெச்சமாட்டார். அதுதான் அவர். ஆயுத பூஜைக்குக் கேன்டீனில் பிரியாணி போட்ட அன்று மொத்தக் கம்பெனியும் பாத்திரத்தை நக்காத குறை. அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு, "பசிக்கு ஓகே" என்றார். சமையல்காரர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. கோடை வெயிலில் மழை பெய்து எல்லோரும் ஷட்டர் பக்கம் ஓடிப்போய் நின்றபோது, "பேய்ஞ்சா பேயட்டும். மாப்பு போடப்போறது நீயா நானா?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. கடைசியில் வாங்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா திருநங்கை. அவரையும் இன்னும் மூன்று பேரையும் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் எடுத்தபோது கம்பெனி நான்கு பேரையும் புல்தரையில் நிற்கவைத்து, கையில் ரோஜாப்பூ கொடுத்துப் படம் எடுத்தது. படம் ரிசப்ஷனில் இன்றைக்கும் தொங்குகிறது. அவர்கள் எந்த டாய்லெட்டுக்குப் போவார்கள் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. பிறகு யோசித்து, செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் ஒன்றைக் கொடுத்து, சாவியை செக்யூரிட்டியிடம் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். அவனும் ஒவ்வொரு முறையும் "எதுக்கு?" என்று கேட்பான். மூன்று பேர் இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. "எதுக்குன்னு கேக்குறியா? ஆயுத பூஜை பண்ணப் போறேன், குட்றா சாவிய" என்று வாங்கிப் போவார்.

அவர் கடற்கரைக்காரர். கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு மீனவ ஊர். கடலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எத்தனை ஏரி, எத்தனை குடோன், எத்தனை பைபாஸ்! ஆனாலும் தினமும் பிற்பகல், டீ பிரேக் நெருங்கும்போது, லோடிங் பே பக்கம் நின்று முகத்தைக் கிழக்கே திருப்பி, "வந்துட்ச்சு" என்பார். கடல் காற்று வந்துவிட்டதாம். எனக்கு டீசல் வாடைதான் வரும். சிறிது நேரம் கழித்துக் கொடிக்கம்பத்தில் கம்பெனிக் கொடி மெல்ல அசையும். அவர் அதை ரசித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். "இம்மாந்தூரம் வர்றதுக்குள்ள அத்தயும் நாஸ்தி பண்ட்டானுங்க. உப்பே இல்ல" என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரு விரலால். லைனில் என் தோழி ஒருத்தி இருந்தாள். தென்காசிப் பக்கம். பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தோழி என்று இங்கேயும் எழுதுகிறேன் பாருங்கள், பழக்கம் போகவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் விரும்பினோம். ஒருநாள் அவள் சுண்டு விரல் மெஷினில் நசுங்கிவிட்டது. லாக்கர் ரூமில் அந்த விரலைப் பிடித்து நான் ஊதிக்கொண்டிருந்தேன். மூலையில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூடத் தூக்காமல், "ஊதுனா வெரலு சரியாப்பூடுமா? ஃபர்ஸ்ட் எய்டு பொட்டி எதுக்குக் கீது?" என்றார். அவள் போன பிறகு என்னிடம் வந்து, மாப்பைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "பாத்தது நானு. பரவால்ல. வேற எவளாவது பாத்தா இன்னா பண்ணுவ?"

அதிலிருந்து அவர் என்னைக் கரித்துக்கொட்டுவது இரண்டு மடங்கானது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறிப் பஸ் மாறிக் கடற்கரைக்குப் போவது தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போறீங்க? மணிமங்கலம் ஏரிக்கரை இல்ல?"

"கடல் பிடிக்கும்க்கா. மனசுக்கு அமைதியா இருக்கும்."

"அமைதியா! அங்க அல்லாரும் தண்ணியப் பாத்துக்கினு குந்திங்கீறான். ஒங்கள எவனும் பாக்கல. அதாம்மா ஒங்க கடலு. ஏரிக்கரைல நாலு பேரு மொகத்தப் பாப்பான். அதுக்கு பயந்துக்கினு, கடலு புடிக்கும், அலை புடிக்கும்னு பீலா வுடாத."

நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. உண்மையைச் சொன்னவரிடம் வேறு என்ன செய்ய முடியும்?

கொடுவா மீன் கதையும் அப்படித்தான். கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ நானே கடலுக்குள் முங்கிக் கண்டுபிடித்ததைப் போல மறுநாள் ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். அவர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாதி வரைக்கும் பார்த்தார்.

"இத்த இப்பத்தான் கண்டுபுட்சானுங்களா? பத்து வயசுலேர்ந்து மீன் அறுத்துங்கீறேன். சின்னக் கொடுவா வவுத்துல சினையே இருக்காது. பெருசுலதான் இருக்கும். எங்கம்மா சொல்லும், கொடுவா வளந்தா பொம்பளையாப் பூடும்னு. சிரிச்சிக்கினே சொல்லும். அப்பறம் நான் ஆனப்ப சிரிக்கல."

"அதான்க்கா! இயற்கையிலயே இருக்குது பாருங்க. அப்ப யார் உங்களைத் தப்புன்னு சொல்ல முடியும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தப் புல்தரையும் வாங்கியிருக்காது.

"மீனு வந்து சாட்சி சொன்னாத்தான் நான் உண்டா? கொடுவா தன் குஞ்சையே தின்னும். அதுக்கும் என்னிய சேத்துப்பியா? மீனு மீனா கீது. நான் நானா கீறேன். போ, போயி டேகு கட்டு."

எதற்குமே ஆசைப்படாதவர் போல இருந்த அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தடவை. ஊரை விட்டு வந்து பன்னிரண்டு வருடம். அண்ணன்கள் இரண்டு பேர், "இந்த மணல்ல உன் காலு படக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எதை நினைச்சுப்பீங்க அக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணியும் இல்ல" என்றார். பிறகு, மாப் காய்கிற வரைக்கும், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

படகுகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மணல் மேடு. அதன் மேல் முழுக்க அடப்பங்கொடி படர்ந்திருக்கும். ஓரத்தில் இராவணன் மீசை என்கிற முள் புல். பதினைந்து வயதில், தங்கச்சியின் பாவாடை ஒன்றை கவரில் சுற்றி அந்தக் கொடிக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாராம். உச்சி வெயிலில் ஆண்கள் எல்லாம் தூங்குவார்கள். மணல் கொதிக்கும். அந்த நேரத்தில் போய்க் கட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பாராம்.

"மண்ணுல காலு வெக்க முடியாது. கொடி மேல வெச்சா சுடாது. எல எலயா பாத்து வெச்சி நடக்கணும். மீசை குத்தும். குத்துனா இன்னா? அத்தனாலதான் எவனும் அந்தாண்ட வர மாட்டான். அதான் எனக்கு வூடு. கதவு, தாப்பா அல்லாம் அதான்."

"அழகா இருந்திருக்கும் இல்லக்கா?"

"அழகு இன்னா அழகு? ஆடு கூடத் தின்னாத கொடி" என்று எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இனிமேல் வருவதைச் செய்தேன்.

அந்த வருடம் கம்பெனிக்கு இயற்கைமேல் திடீரென்று பாசம் பொங்கியது. எங்கள் ஆலைத் தலைவர் எங்கேயோ ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டு, கடற்கரையைச் சுத்தம் செய்வோம் என்று வந்து நின்றார். ஒரகடத்துக்குப் பக்கத்து ஏரிகளில் நுரை மிதப்பது யாருக்கும் தெரியவில்லை. அதை எட்டிப் பார்க்க ஏசி பஸ் தேவையில்லை என்பதாலோ என்னவோ. 'இயற்கையோடு இணைவோம்' என்று பேனர் அடித்தார்கள். நோட்டீஸ் போர்டில் ஊரின் பெயரை எழுதியது நான்தான். கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, துடைப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"என் பேரையும் சேரு" என்றார்.

"அக்கா, உங்க அண்ணன்க..."

"கம்பெனி சட்ட போட்டுக்கினு, கம்பெனி பஸ்ல போனா எவன் கைய வெப்பான்? கால வெச்சிட்டு வந்துடறேன். அவ்ளோதான். வேற ஒண்ணியும் வேணாம்."

ஒரு மனிதர் பன்னிரண்டு வருடம் கழித்து வாய்விட்டுக் கேட்டது அவ்வளவுதான். எழுதினேன். எப்படியும் மூட்டை சுமக்க ஹவுஸ்கீப்பிங் ஆட்களைக் கூட்டிப்போகத்தான் போகிறார்கள்.

சனிக்கிழமை காலை போய் இறங்கினோம். எல்லோருக்கும் நீல டீ-ஷர்ட். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வரிசையாக நின்று, ஆலைத் தலைவரிடம் பொன்னாடை வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அக்காவின் மூக்கு அப்படியே இருந்தது. அவர் எங்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். ஒரு முகத்தில் அவர் பார்வை நின்றது. பிறகு திரும்பித் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலுக்குப் போனார். முதுகைத்தான் பார்த்தேன். வந்த அலை காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் சாக்கை எடுத்துக்கொண்டு, பாட்டில் பொறுக்கிக்கொண்டே தூரமாகப் போனார்.

ஒரு மணி நேரத்தில் குப்பை தீர்ந்துவிட்டது. இன்னும் போட்டோ எடுக்கவில்லை. ஆலைத் தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, படகுகளுக்குப் பின்னாலிருந்த மேட்டைக் காட்டினார்.

"இது என்ன, புதர் மாதிரி? கிளீன் பண்ணுங்கப்பா. இங்க நாலு பெஞ்ச் போட்டு, மரம் வெச்சு, நம்ம லோகோ வெக்கலாம். ஃபைவ் எஸ் எங்க? ரெட் டேக் கொண்டுவந்திருக்கீங்கள்ல?"

கொண்டுபோயிருந்தேன். கடற்கரைக்கு யாராவது ரெட் டேக் கொண்டுபோவார்களா? நாங்கள் போவோம். ஒழுங்கு என்பது தொற்றிக்கொண்டால் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உடைந்த நாற்காலிதான் கண்ணில் படும். போதாததற்கு நான் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். விதைக்காமல் முளைத்த எதுவும் எங்களுக்குக் களை. கரும்பச்சை இலையும் ஊதா நிறப் பூவுமாக அந்தக் கொடி கிடந்தது. மண்டியிட்டு எழுதினேன். பொருள்: கொடி. இடம்: கடற்கரை மேடு. காரணம்: உபயோகம் இல்லை. அழகான கையெழுத்து. பத்துப் பதினைந்து இடங்களில் கட்டினோம். படம் எடுத்தார்கள். கம்பெனிப் பையன்கள் நுனியைப் பிடித்து இழுக்க, கொடி பத்தடி, இருபதடி என்று மண்ணை உதறிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு முள் புல் என் முழங்காலில் குத்தியது. குத்திய பிறகுதான் தெரிந்தது, நான் எங்கே மண்டியிட்டிருக்கிறேன் என்று.

தெரிந்த அந்த நொடியில் நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்த அட்டையை எழுதினேன்.

அக்கா சாக்கோடு மேடேறி வந்தார். பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு டேக்காகப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த கொடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரு இந்த ஆளு? கான்ட்ராக்டா?" என்றார் ஆலைத் தலைவர்.

"ஆமா சார், கான்ட்ராக்டுதான். இந்தக் கொடிதான் சார் மண்ணப் புட்சி வெச்சிங்கீது. இத்தப் புடுங்குனா மேடு பூடும். மேடு பூட்டா தண்ணி நேரா வூட்டுக்கு வரும். தோ நிக்கறாங்களே, இந்த ஊர்க்காரங்க, இவுங்களுக்கும் தெரியும். பொன்னாட கெட்சிட்ச்சு, வாயத் தொறக்க மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். ஆலைத் தலைவரின் முகம் கறுத்தது. "இதுக்கு என்னம்மா யூஸ்? நாங்க மரம் வெக்கப்போறோம்" என்றார்.

"யூஸா?" அக்கா என்னைக் கையால் காட்டினார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியும் சார், அத்தக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தோழியும் பார்த்தாள். யாராவது ஒருவர் வந்து உபயோகத்தைச் சொன்னால் போதும், டேக்கை எடுத்துவிட வேண்டும். விதி அதுதான். விதியைச் சுவரில் எழுதியவளே நான்தான்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அக்காவை செக்யூரிட்டி இரண்டு பேர் கைத்தாங்கலாக எழுப்பி பஸ்ஸில் உட்காரவைத்தார்கள். கம்பெனி சட்டையில் எவன் கை வைப்பான் என்று கேட்டாரே, கம்பெனியே வைத்தது. மேடு அரை மணி நேரத்தில் மொட்டையானது.

திங்கட்கிழமை கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். தன்மையான மனிதர். யாரையும் நோகாமல் பேசத் தெரிந்தவர்.

"மேடம், அவங்களை அனுப்பணும்னு மேல சொல்லிட்டாங்க. கொடியைப் பிடுங்கவேணாம்னு சொன்னதுக்காக அனுப்பினோம்னு எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க. லேடீஸ் ஸ்டாஃப் கம்ஃபர்டபிளா இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா முடிஞ்சிடும்."

"அப்படி எதுவும் இல்லையே சார்."

"இல்லதான்." அவர் சிரித்தார். "அவங்க உங்ககூடவும் உங்க ஃப்ரெண்ட் கூடவும் ரொம்ப நெருக்கமாமே? அதான் உங்களைக் கேட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். எங்கள் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. பேனாவைக்கூட அவர் நீட்டவில்லை, என்னுடையதையே எடுத்தேன். 'இவர் உடன் பணிபுரியும்போது பெண் ஊழியர்கள் சங்கடமாக உணர்கிறார்கள்.' ஒரே வரி. மேலே அவர் பெயர், கீழே என் பெயர். நான் கோழை என்று இங்கே எழுதிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. படிக்கிறவர்கள் உடனே மனமிரங்கிவிடுவார்கள். இரங்க வேண்டாம். கோழைகள் நடுங்கிக்கொண்டு எழுதுவார்கள். என் கை நடுங்கவில்லை.

என் தோழி விஷயம் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்மளையுஞ் சேத்துத்தானட்டி எழுதியிருக்க?" மூன்று மாதத்தில் ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று கிளம்பிப் போனாள். தடுக்க எனக்கு எந்த முகமும் இல்லை.

மறு வருடம் தனியாக அந்தக் கரைக்குப் போனேன். கொடி மறுபடி துளிர்த்து, ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். துளிர்க்கவில்லை. மேடே இல்லை. நான்கு பெஞ்சுகளில் இரண்டு, காலடியில் மண் போய் மூக்கு குப்புறச் சாய்ந்திருந்தன. கூண்டுகளுக்குள் மரக்கன்றுகள் குச்சியாகக் காய்ந்திருந்தன. எங்கள் லோகோ மட்டும் பளபளவென்று இருந்தது. வலை வைக்கிற கொட்டகைக்குள் மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "வர்ற வருசம் அலை இந்தப் பக்கமே வந்துரும் போல கீதும்மா" என்றார். அவருக்கு அக்காவின் மூக்கு. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் வேறு கம்பெனியில், மறைமலை நகர்ப் பக்கம், பெரிய பதவியில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை டைவர்சிட்டி டே, அதாவது பன்மை தினம் என்று கொண்டாடுகிறார்கள். நான்தான் பேசுவேன். திரையில் முதல் படமே கொடுவா மீன். ஆணாகப் பிறந்து பெண்ணாக வளரும் மீன், இயற்கையில் எல்லோருக்கும் இடம் உண்டு என்பேன். கைதட்டல் அள்ளும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சாட்சிக்கு மீனைக் கூப்பிடாதே என்று சொன்னவரைப் பற்றி எந்தப் படத்திலும் ஒரு வரியும் கிடையாது. என்னைப் பற்றியும் கிடையாது. அந்த மேடையில் நான் எல்லோருக்காகவும் பேசுகிற ஒரு நல்ல பெண்மணி, அவ்வளவுதான்.

அக்கா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாகப் பார்த்தது கேட்டில். ஐடி கார்டை ஒப்படைக்க வந்திருந்தார். நீலச் சீருடை இல்லை. மஞ்சள் புடவை கட்டியிருந்தார். நான் டீ பிரேக்கில் வெளியே வந்தவள், அவரைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போக நினைத்தேன். "ந்தா, நில்லு" என்றார். நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காக ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். புல்தரைக்குக் கிடைத்த மரியாதையாவது எனக்குக் கிடைக்கும் என்று.

பையிலிருந்து அந்த ரெட் டேக்குகளை எடுத்து என் கையில் வைத்தார். மணல் ஒட்டியிருந்தது.

"நீ எழுதிக் குட்த்த பேப்பர என்னாண்ட காட்டுனாங்க. கையெழுத்து போடச் சொன்னாங்க. முழுசாப் படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"அக்கா..."

அப்போது கொடிக்கம்பத்தில் கொடி அசைந்தது. அவர் கிழக்கே திரும்பக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்து, பொறுமையாக, ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்வதைப் போலச் சொன்னார்:

"ஒன் கையெழுத்து ரொம்ப அழகா கீதும்மா."